குரலும் பதிவேடும்



சமூக ஊடகத்தையும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மையையும் இணைத்து வணிகத்தை வளர்ப்பது எப்படி என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சி.ஆர்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மேலாண்மைக்கான மென்பொருளை விற்க வருகிறவர்கள் இத்தலைப்பைக் கேட்டதும் ஒரு படத்தைத் திரையிடுவார்கள். நடுவில் வாடிக்கையாளர் நிற்பார். சுற்றிலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், எக்ஸ், யூடியூப் இருக்கும். எல்லாவற்றிலிருந்தும் அம்புக்குறிகள் அவரை நோக்கிப் பாயும். அவர் என்ன வாங்கினார், எதை ரசித்தார், விடுமுறைக்கு எங்கே போனார் என்பதெல்லாம் ஒரே திரையில் தெரிந்துவிட்டால், அடுத்து அவருக்கு எதை விற்கலாம் என்பதும் தெரிந்துவிடும் என்பது அந்தப் படம் தரும் வாக்குறுதி. நான் இன்று வாதிடப் போவது அதற்கு எதிரான கட்சிக்காக. இணைப்பு வேண்டும், அதில் ஐயமில்லை. வெளியே எழும் குரல் உள்ளே இருக்கும் பதிவேட்டைச் சென்று சேர்வதற்காக அது வேண்டும். உள்ளே இருக்கும் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே ஆளைத் துரத்துவதற்கு அது பெரிதாக உதவுவதில்லை, உதவினாலும் நிலைப்பதில்லை. இரண்டையும் கோக்கும் இடமும் முக்கியம். ஆளின் பெயரையோ கணக்கையோ பிடித்துக் கோப்பதைவிட, அவர் செய்த ஆர்டரைப் பிடித்துக் கோப்பதே சரி என்பது என் துணிபு.

இந்த மென்பொருள் எந்தக் கவலையில் பிறந்தது என்று பார்த்தால் அதன் குறையும் புரியும். 1993இல் டாம் சீபல் தொடங்கிய சீபல் சிஸ்டம்ஸ் இத்துறையைப் பெருந்தொழிலாக்கியது. விற்பனைப் பிரதிநிதியின் கைப்பையிலும் நினைவிலும் இருந்த விவரங்களை நிறுவனத்தின் சொத்தாக்குவதே அதன் வேலை. யாரைச் சந்தித்தார், என்ன விலை சொன்னார், மறுபடி எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தால், பிரதிநிதி வேலையை விட்டாலும் வாடிக்கையாளர் கையை விட்டுப் போக மாட்டார். 1999இல் மார்க் பெனியாஃப் முதலானோர் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் அதையே இணையத்தின் வழியே வாடகைக்குக் கொடுத்தது. 2005இல் ஜோஹோ சி.ஆர்.எம். வந்தது, அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு அப்போது அட்வென்ட்நெட் என்று பெயர். சென்னைக்காரர்களின் அந்தப் படைப்பால் சிறு நிறுவனங்களுக்கும் இந்த வசதி எட்டியது. ஆனால் மூன்றிலும் பதிவேட்டின் உயிர்நாடி ஒன்றுதான்: நிறுவனம் வாடிக்கையாளரிடம் என்ன செய்தது என்ற கணக்கு. வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்பதற்கு ஒரு குறிப்புக் கட்டம் இருக்கும். அதையும் பிரதிநிதிதான் நிரப்ப வேண்டும். தனக்கு எதிரான புகாரைத் தானே எழுதிவைக்கும் பிரதிநிதியை நம்பித் தொழில் நடத்த முடியாது.

2010இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் இன்னொரு முனையிலிருந்து வந்தது. விற்பனை மேசையை விட்டுவிட்டுப் புகார் மேசையில் கை வைத்தது. ட்விட்டரிலோ ஃபேஸ்புக்கிலோ ஒருவர் குறை சொன்னால், மின்னஞ்சலில் வந்த குறையைப் போலவே அதற்கும் ஓர் எண் இட்டு, ஒருவர் பொறுப்பில் விட்டு, தீரும்வரை திறந்தே வைத்திருக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. கேட்பதற்குச் சின்ன வசதி. ஆனால் அதுவரை காற்றோடு போன ஒரு முணுமுணுப்பு, அலுவலகத்தில் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய கோப்பாக மாறியது. இந்த நிறுவனம் பின்னாளில் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது நீங்கள் அறிந்ததே. புகார் மேசையிலிருந்து தொடங்கியும் பெரிய தொழில் கட்டலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

மேலாண்மை வகுப்புகளில் சமூக ஊடகத்தின் வலிமைக்கு எடுத்துக்காட்டாகத் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அதை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். 2008 மார்ச்சில் கனடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் டேவ் கேரல், யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஒமாஹா நகருக்குப் போனார். வழியில் சிகாகோ விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர்கள் பெட்டிகளைத் தூக்கி எறிவதைப் பயணிகள் பார்த்தார்கள். அவருடைய டெய்லர் கிட்டார் உடைந்தது. பழுதுபார்க்க 1,200 டாலர் ஆயிற்று. 24 மணி நேரத்துக்குள் முறைப்படி கோரிக்கை வைக்கவில்லை என்று நிறுவனம் கைவிரித்தது. ஒன்பது மாதம் அலைந்தபின் அவர் பாட்டு எழுதினார்; 2009 ஜூலையில் யூடியூபில் ஏற்றினார்; உலகமே பார்த்தது; நிறுவனம் ஓடிவந்தது. ஒரு தனிமனிதர் ஒரு பெருநிறுவனத்தைப் பணிய வைத்தார் என்று கதையை முடித்துவிடுவது வழக்கம். பங்கு விலை விழுந்தது என்றுகூடச் சேர்த்துச் சொல்வார்கள். உலகமே மந்தநிலையில் இருந்த 2009இல் ஒரு விமான நிறுவனத்தின் பங்கு சரிந்ததற்கு ஒரு பாட்டைக் காரணமாக்குவது கொஞ்சம் அதிகம்.

கவனிக்க வேண்டியது அந்த ஒன்பது மாதம். கிட்டார் உடைந்த செய்தி நிறுவனத்துக்குப் புதிது இல்லை. எறிவதைப் பார்த்ததும் விமானத்திலேயே பணிப்பெண்ணிடம் சொன்னார், பிறகு விமான நிலையத்தில் சொன்னார், தொலைபேசியில் சொன்னார், மின்னஞ்சலிலும் எழுதினார். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. யூடியூபைக் கண்காணிக்க எத்தனை பேரை நியமித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஏனென்றால் பாட்டு வருவதற்கு ஓராண்டுக்கும் மேலாகவே புகார் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சமூக ஊடகம் இங்கே நோயைக் காட்டியது, அவ்வளவுதான். நோய் பதிவேட்டில் இருந்தது. ஆகவே சமூக ஊடகத்துக்கென்று தனிக் குழு, தனி அறை, சுவர் நிறையத் திரைகள் என்று அமைத்துவிட்டு, பழைய பதிவேட்டை அப்படியே விட்டுவிட்டால், இரண்டாவது பாட்டையும் கேட்கத் தயாராகத்தான் இருக்க வேண்டும். (கேரல் உண்மையிலேயே இன்னும் இரண்டு பாட்டுப் போட்டார்.)

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய 'எக்ஸிட், வாய்ஸ், அண்ட் லாயல்டி' என்ற நூல், சமூக ஊடகம் பிறப்பதற்கு முன்பே இந்த விவகாரத்துக்குச் சட்டகம் தந்துவிட்டது. தரம் குறையும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்கிறார் அவர். பேசாமல் விலகிப் போகலாம். அல்லது நின்று குரல் கொடுக்கலாம். அவர் சிந்தனை நைஜீரிய ரயில்வேயைப் பார்த்ததில் தொடங்கியது. லாரிகள் போட்டிக்கு வந்தும் ரயில்வே ஏன் திருந்தவில்லை? கண்டிப்பாகக் குரல் கொடுத்திருக்கக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்கு மாறினார்கள். மிஞ்சியவர்களின் குரலுக்கு வலுவில்லை. போட்டி வந்தால் தரம் தானே உயரும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல அடி. நம் தலைப்புக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: புகார் சொல்கிறவர் இன்னும் போகவில்லை. பழைய சி.ஆர்.எம். விலகலை மட்டும்தான் அளந்தது, அதுவும் விலகியபின். மூன்று மாதமாக வாங்கவில்லை என்று சிவப்புக் கோடு காட்டும். சமூக ஊடகம் முதன்முறையாகக் குரலை, அது குரலாக இருக்கும்போதே, எழுத்தில் தருகிறது. தேதியோடும் நேரத்தோடும் தருகிறது. அதைப் பதிவேட்டில் சேர்க்காமல் விடுவது கையில் வந்ததைத் தவறவிடுவது.

இனி நடைமுறைக்கு வருவோம். சேலம் பக்கத்து இளம்பிள்ளை போன்ற ஊர்களிலிருந்து இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று பேர், மூன்று கைப்பேசி. ஒருவர் இன்ஸ்டாகிராமைப் பார்க்கிறார், ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார், ஒருவர் பார்சல் கட்டுகிறார். புதிதாகப் போட்ட ஒரு சேலைப் படத்தின் கீழே ஒரு பெண் எழுதுகிறார்: "சிஸ், பத்து நாள் ஆச்சு, பார்சல் இன்னும் வரல." முதல் கைப்பேசி, "டி.எம். பண்ணுங்க சிஸ்" என்கிறது. அவர் தனிச்செய்தியில் வருகிறார். "பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க." அனுப்புகிறார். "ஆர்டர் விவரம் எல்லாம் வாட்ஸ்அப்லதான் சிஸ், அங்க கேளுங்க." அங்கே போகிறார். "எந்தச் சேலை? என்னைக்குப் போட்டீங்க? ஸ்கிரீன்ஷாட் இருக்கா?" என்று மறுபடி முதலிலிருந்து. அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே அதே எண்ணிலிருந்து ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்து விழுகிறது. இந்தக் கடையில் இணைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. விற்பதற்கான இணைப்பு இருக்கிறது: அந்தப் பெண்ணின் எண் விளம்பரப் பட்டியலில் பத்திரமாக ஏறியிருக்கிறது. கேட்பதற்கான இணைப்புதான் இல்லை. பெரிய நிறுவனங்களிலும் காட்சி இதுதான். கைப்பேசிக்குப் பதில் துறைகள்.

இதைச் சரிசெய்ய அந்தப் பெண் யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்று மென்பொருள் விற்பவர்கள் சொல்வார்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு, வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல், மூன்றும் ஒருவரே என்று பொருத்த வேண்டுமாம். நம் ஊரில் இது எவ்வளவு வழுக்கலான தரை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கைப்பேசி எண் என்பது இங்கே பல வீடுகளில் ஆளுக்கு உரியது இல்லை, குடும்பத்துக்கு உரியது. மகள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார், அப்பாவின் எண்ணிலிருந்து பணம் போகும், அத்தை வீட்டு முகவரிக்குப் பார்சல் போகும். குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அதுவும் முன்னால் வரும், பின்னால் வரும், சில இடத்தில் வராமலே போகும். ஆங்கிலத்தில் எழுதினால் லட்சுமி நாலைந்து விதமாக வருவார். ஆளை வைத்துக் கோத்தால், இரண்டு சரவணன்கள் ஒருவராகிவிடுவார்கள். ஒரு சரவணன் மூன்று பேராகிவிடுவார். முதல் தவறு அடுத்தவரின் ஆர்டர் விவரத்தை இவருக்குக் காட்டிவிடும். அது வெறும் குழப்பம் இல்லை, நம்பிக்கை மோசடி.

இதற்கு மாற்று எப்படி வேலை செய்கிறது என்பதை இந்திய ரயில்வேயில் பார்க்கலாம். சுரேஷ் பிரபு 2014 நவம்பரில் ரயில்வே அமைச்சரானபின், ஓடும் ரயிலிலிருந்து ட்விட்டரில் புகார் எழுதினால் அடுத்த நிலையத்தில் ஆள் வருவார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. குழந்தைக்குப் பால் கேட்டவர்களுக்குப் பால் கிடைத்தது. இன்றும் ரயில்வேயின் சமூக ஊடகப் பிரிவுக்குப் புகார் எழுதினால், முதலில் கேட்பது பி.என்.ஆர். எண்ணையும் கைப்பேசி எண்ணையும்தான். அவற்றையும் பொதுவில் எழுதாமல் தனிச்செய்தியில் அனுப்பச் சொல்வார்கள். பி.என்.ஆர். எண்ணின் பத்து இலக்கத்துக்குள் எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்தப் படுக்கை, எங்கே ஏறி எங்கே இறங்குகிறார் என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. எழுதியவரின் உண்மைப் பெயர் என்ன, வேறு எதையெல்லாம் பகிர்ந்திருக்கிறார், யாரைப் பின்தொடர்கிறார் என்று எதையும் தோண்ட வேண்டியதில்லை. கழிவறையில் தண்ணீர் இல்லை என்ற குறையைத் தீர்க்கப் பெட்டி எண் போதும். சேலைக் கடைக்கும் இதுவே பொருந்தும். பணம் வந்ததும் ஓர் ஆர்டர் எண் கொடுங்கள். அதைப் பார்சல் சீட்டிலும் எழுதுங்கள், வாட்ஸ்அப் செய்தியிலும் அனுப்புங்கள். மூன்று கைப்பேசியிலிருந்தும் தேடும்படி ஒரே தாளில் வையுங்கள். எண்ணைக் கொடுப்பவர் வாடிக்கையாளர். எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவரும் அவரே.

"இது புகார் தீர்ப்பது ஆயிற்றே, இதில் சந்தைப்படுத்தல் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சமூக ஊடகத்தில் நேரடியாக விற்றதற்குப் புகழ்பெற்ற சான்று டெல் நிறுவனம். மீதமான, திருப்பி அனுப்பப்பட்ட கணினிகளை விற்கும் அதன் பிரிவு 2007இல் ட்விட்டருக்கு வந்தது. 2009 டிசம்பரில், அதுவரை ட்விட்டர் வழியே நடந்த விற்பனை 65 லட்சம் டாலர் என்று டெல் அறிவித்தது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் 2010 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மட்டும் டெல்லின் வருவாய் ஏறத்தாழ 5,290 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக வரும், அதுவும் இரண்டரை ஆண்டு விற்பனையைச் சேர்த்து. அதே டெல், 2005இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் அதன் சேவையைப் பற்றி இணையத்தில் எழுதிய கடுமையான புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டு, பெயரைக் கெடுத்துக்கொண்டது. அடுத்த இரண்டு ஆண்டு அதைச் சரிசெய்வதில் போயிற்று. எது பெரிய கணக்கு என்பது வெளிப்படை.

தக்கவைத்தலின் கணக்குக்கு எல்லோரும் காட்டும் ஆதாரம், ஃபிரெட்ரிக் ரைக்ஹெல்டும் ஏர்ல் சாஸரும் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரை. விலகிப் போகும் வாடிக்கையாளரை ஐந்து விழுக்காடு குறைத்தால், தொழிலைப் பொறுத்து லாபம் 25 முதல் 85 விழுக்காடு வரை உயரும் என்று அவர்கள் கணித்தார்கள். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே இதழில் 2002இல் வெர்னர் ரைனார்ட்ஸும் வி. குமாரும், நெடுநாள் வாடிக்கையாளர் எல்லோரும் லாபம் தருவதில்லை, நாள்பட்ட உறவுக்கும் லாபத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று காட்டினார்கள். எல்லோரையும் எப்பாடுபட்டாவது பிடித்துவைப்பது அறிவீனம் என்பது இதன் பொருள். நான் சொல்வது அதைவிடச் சிறிய விஷயம்: பணம் கொடுத்துவிட்டுப் பொருளுக்காகக் காத்திருப்பவருக்குப் பதில் சொல்வது. அந்தப் பதிலை அவர் மட்டும் படிப்பதில்லை. சேலைப் படத்தின் கீழே "இன்னும் வரல" என்ற வரியையும், அதற்குக் கீழே "நாளைக்கு வந்துரும் சிஸ், கூரியர் நம்பர் உங்க டி.எம்.ல அனுப்பிட்டோம்" என்ற வரியையும் அடுத்து வாங்க நினைப்பவர் படிக்கிறார். மேலே இருக்கும் படத்தைவிட அவர் அதைத்தான் நம்புகிறார். காசு கொடுத்தாலும் அப்படி ஒரு விளம்பரம் கிடைக்காது.

பதிவேட்டைக் கொண்டு ஆளைத் துரத்தும் எதிர்த்திசை இணைப்பின் கதையையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண், மின்னஞ்சல் பட்டியலை ஏற்றினால் அவர்களைத் தேடிப்பிடித்து விளம்பரம் காட்டும் வசதியை ஃபேஸ்புக் 2012இல் தந்தது. அடுத்த ஆண்டு, அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் தேடித் தந்தது. இது வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். செய்வதால்தான் அந்த நிறுவனம் இவ்வளவு சம்பாதிக்கிறது. ஆனால் அது வாடகை வீடு. ஒரு பக்கம் போடும் பதிவு அதைப் பின்தொடர்பவர்களில் சராசரியாக 16 விழுக்காட்டினரைத்தான் சென்றடைகிறது என்று 2012இல் ஃபேஸ்புக்கே சொன்னது. பின்னர் 2018 ஜனவரியில், நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்து வணிகப் பக்கங்களை இன்னும் பின்னால் தள்ளியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் மட்டும் வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் முதலீடு ஒரே இரவில் போயிற்று. 2023இல் ட்விட்டர், மற்ற மென்பொருள்கள் தன்னோடு இணைவதற்கான இலவச வழியை அடைத்தது. பெருநிறுவனங்களுக்கே இது எளிதாக இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் 2011இல் ரேடியன்6 நிறுவனத்தையும் 2012இல் பட்டி மீடியாவையும் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிக் கட்டிய சமூக ஊடக மென்பொருளை 2024இல் மூடிவிட்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, கஸ்டமர் என்ற சி.ஆர்.எம். நிறுவனத்தை 2022இல் கையகப்படுத்தி, அடுத்த ஆண்டே தனியாகப் பிரித்துவிட்டது. சமூக ஊடகத்தையே சொந்தமாக வைத்திருப்பவருக்கும் இந்தத் திருமணம் நிலைக்கவில்லை.

இதில் வாட்ஸ்அப்பின் விதி ஒன்று கவனிக்கத்தக்கது. நிறுவனங்களுக்கான அதன் இணைப்பு வசதியில், வாடிக்கையாளர் ஒரு செய்தி அனுப்பினால் 24 மணி நேரத்துக்கு நீங்கள் விருப்பம்போல் பதில் எழுதலாம். அந்த நேரம் கடந்தபின் நீங்களாகப் பேச வேண்டுமானால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசகத்தைத்தான் அனுப்ப முடியும். விளம்பரம் என்றால் அதற்குக் கட்டணம். மெட்டாவுக்குத் தர்ம சிந்தனை வந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தொல்லை பெருகினால் மக்கள் செயலியை மூடிவிடுவார்கள் என்ற வியாபாரக் கணக்குதான். ஆனாலும் அந்தக் கணக்கு என் வாதத்தின் பக்கம் நிற்கிறது: பதில் சொல்லும் உரிமை மலிவு, தேடிப்போகும் உரிமை விலை அதிகம்.

சத்தம் போடுகிறவருக்கு மட்டும் பந்தியில் முதல் இலையா என்பது அடுத்த ஆட்சேபம். ட்விட்டர் இல்லாத பயணியின் குழந்தைக்கும் பசிக்கும் அல்லவா? இது கனமான ஆட்சேபம். இணைப்பில்லாத சமூக ஊடகச் சேவை உண்மையிலேயே இந்த அநீதியைச் செய்கிறது. ஒருவரின் இணையச் செல்வாக்கை ஒன்று முதல் நூறு வரை மதிப்பெண்ணாக அளந்து காட்டிய கிளவுட் என்ற சேவை 2008 முதல் 2018 வரை இருந்தது. அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்கு நிறுவனங்கள் சலுகைகள் அள்ளிக் கொடுத்தன. அது மூடப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இதற்கு மருந்து இணைப்பைக் கைவிடுவதில் இல்லை, முழுமையாக்குவதில் இருக்கிறது. ரயில்வே பின்னர் 139 தொலைபேசி, செயலி, இணையதளம், சமூக ஊடகம் எல்லாவற்றின் புகார்களையும் ரயில் மதத் என்ற ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. ஒரே பதிவேடு இருந்தால்தான் எந்தப் புகார் முன்னே வந்தது, எது அவசரம் என்று ஒப்பிட முடியும். பின்தொடர்வோர் எண்ணிக்கையைத் திரையில் காட்டாதபடி மென்பொருளை அமைத்துவிடலாம். அதற்கு மனம்தான் வேண்டும். புகாரை மிரட்டலாக்கித் தள்ளுபடி பறிப்பவர்களும் உண்டு என்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கவும் ஆர்டர் எண்தான் கைகொடுக்கும்: இந்த ஆர்டருக்குப் பணம் ஏற்கெனவே திருப்பித் தரப்பட்டது என்பது அங்கே எழுதியிருக்கும்.

சட்டத்தின் பக்கம் ஒரு நுட்பம் இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் ஒருவர் தாமாகவே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சமூக ஊடகத்தில் எழுதுவதையே சட்டம் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. "அப்புறம் என்ன, பொதுவில் இருப்பதையெல்லாம் அள்ளலாமே" என்று விற்பனைப் பிரிவினர் துள்ளுவது இங்கேதான். அள்ளலாம், ஆனால் அள்ளியதை உங்கள் பதிவேட்டில் உள்ள எண்ணோடும் முகவரியோடும் ஒட்டிய கணத்தில் அது பொதுவில் இருந்த தரவாக நிற்காது என்பதே என் வாசிப்பு. சட்டம் அனுமதித்தாலும், தன் பாட்டியின் மறைவைப் பற்றி எழுதியவருக்கு மறுவாரம் நினைவுப் படச் சட்டகம் விற்க வரும் கடையை யாரும் மன்னிப்பதில்லை.

எந்திரமே இனி எல்லாவற்றையும் படித்து, வாடிக்கையாளரின் மனநிலையைத் தரம் பிரித்துவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "செம சர்வீஸ், பத்து நாள்தான் ஆச்சு" என்று ஆங்கில எழுத்தில் ஒருவர் தமிழில் எழுதினால், அது பாராட்டு என்று கணக்கில் ஏறும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. ஆர்டர் தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பணியாளருக்கு அந்தக் குழப்பம் வராது.

கடைசியாக, "மளிகைக் கடை அண்ணாச்சியின் கணக்கு நோட்டு போதாதா, சிறு வணிகருக்கு மென்பொருள் எதற்கு?" என்பவர்கள் இருக்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த நோட்டில் இருப்பது யார் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்பது மட்டும். யார் வீட்டில் என்ன சண்டை என்பது அதில் இல்லை. அந்த அடக்கம்தான் நாம் கற்க வேண்டியது. ஆனால் நோட்டு ஒரு கல்லாவில் ஒருவர் உட்காரும்வரைதான் செல்லும். மூன்று கைப்பேசிக்கு மூன்று நோட்டு என்று ஆனபின், பொதுவான ஒரு தாள் தேவைப்படுகிறது. அது சென்னையில் செய்த சி.ஆர்.எம். மென்பொருளாக இருந்தாலும் சரி, இலவசமாகக் கிடைக்கும் விரிதாளாக இருந்தாலும் சரி.

இங்கே அமர்ந்திருக்கும் முதுகலை மாணவர்களில் பலர் அடுத்த பருவத்தில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவீர்கள். நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து, சமூக ஊடக விளம்பரம் உங்களை ஈர்க்கிறதா என்று ஐந்து கட்டங்களில் டிக் வாங்கும் ஆய்வுகள் நூலகத்தில் போதுமான அளவு இருக்கின்றன. உங்கள் ஊரில் ஒரு கடையின் ஒப்புதலைப் பெறுங்கள். ஒரு மாதம் அதன் எல்லாப் பக்கங்களுக்கும் வந்த புகார்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை கை மாறியது, வாடிக்கையாளர் ஒரே விவரத்தை எத்தனை முறை சொல்ல நேர்ந்தது, தீர எத்தனை நாள் ஆயிற்று, அவர் மறுபடி வாங்கினாரா என்று எண்ணிப் பாருங்கள். பெயர்களை அடித்துவிட்டு ஆர்டர் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஆய்வு ஒன்றுக்கு இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்க வேண்டும் என்று அதை நிறுவியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.